ஓய்வூதியம்: யாருடைய ஹக், யாருடைய கடன்?



 

இந்த வாரத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு பேர் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு ஜும்ஆவுக்கு முன், தொழுகை முடிந்து ஹவுளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுத இருவர் வந்தார்கள். மச்சான் முறை. ஒருவர் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியர். 2006ல் வேலைக்குச் சேர்ந்தவர். இன்னொருவர் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி வைத்திருக்கிறார்.

ஆசிரியர் கேட்டார்: "ஹஜ்ரத், முப்பது வருஷம் வேலை பாத்துட்டு பென்ஷன் கேட்டா, அது பேராசையா?"

தறிக்காரர் விடவில்லை: "மச்சானுக்கு பென்ஷன் கொடுக்க நான் வரி கட்டுறேன் ஹஜ்ரத். எனக்கு அறுபது வயசானா யார் கொடுப்பா? அதையும் மார்க்கத்துல கேட்டுச் சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இரண்டு பேரும் சபூர் செய்யுங்கள், ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருப்பது உண்மை. பைத்துல்மாலின் சாவி மனிதர்களின் கையில் அல்லவா இருக்கிறது? அதைப் பற்றித்தான் அவர்கள் கேட்டார்கள். அன்று சொல்லாத பதிலை இன்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். நம்மில் பலருக்கு "பழைய பென்ஷன், புதிய பென்ஷன்" என்று காதில் விழுகிறதே தவிர, என்னவென்று தெரிவதில்லை.

பழைய ஓய்வூதியத்தில் அரசு ஊழியர் அதற்கென்று சம்பளத்திலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, ஆயுள் முழுக்க வரும். அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அவர் மறைந்தால் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம். இதற்காகத் தனியாக ஒரு பெட்டியில் பணம் சேர்ப்பது கிடையாது. இந்த வருடம் மக்கள் கட்டும் வரியிலிருந்து இந்த வருட ஓய்வூதியம். அடுத்த வருட வரியிலிருந்து அடுத்த வருடத்தினுடையது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் என்பது எஜமானர் மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல, உழைத்தவனின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அது நின்றுபோனது. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. பதிலாக வந்தது பங்களிப்பு ஓய்வூதியம், சிபிஎஸ் என்கிறார்களே, அது. ஊழியர் சம்பளத்திலிருந்து பத்து சதவீதம், அரசு அதே அளவு. ஓய்வு பெறும்போது சேர்ந்த பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அதோடு சரி; மாதாமாதம் எதுவும் கிடையாது. அந்த 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தமும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டெஸ்மா சட்டத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், பிறகு பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டதும் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

இருபது ஆண்டுக்கு மேல் போராட்டம். 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் உறுதி; ஊழியர் பத்து சதவீதம் கட்ட வேண்டும்; மீதியை அரசு ஏற்கும். ஓய்வூதிய நிதிக்கு ஒருமுறை 13,000 கோடி ரூபாயும், அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடியும் தேவைப்படும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். நான் எந்தக் கட்சியையும் பேசவில்லை. மிம்பர் அதற்கான இடமில்லை. யார் ஆண்டாலும் அந்தக் கோடிகள் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். எங்கிருந்து என்பதுதான் நம் தறிக்காரரின் கேள்வி.

(பிடித்தம் செய்த பணத்தின் மேல் வரும் தொகை வட்டியா, ஹலாலா என்று சிலர் கேட்பீர்கள். கட்டாயப் பிடித்தத்துக்கும் நாமே விரும்பிக் கட்டுவதற்கும் சட்டம் வேறு. அது தனி மஸ்அலா. தேவைப்படுபவர்கள் அஸருக்குப் பின் என்னிடம் வாருங்கள்.)

சகோதரர்களே! இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக "கிதாபுல் கராஜ்" என்று ஒரு நூல் எழுதிக் கொடுத்தார்கள். வரி எப்படி வாங்குவது, எப்படிச் செலவழிப்பது என்பதுதான் அதன் பொருள். மத்ரஸாவில் அதைப் பற்றிக் கேட்டிருந்தேன். இந்த இரண்டு வாரமாகத்தான் உட்கார்ந்து படித்தேன். அதில் இரண்டு சம்பவங்கள். இரண்டும் உமர் (ரலி) அவர்களுடையவை. ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று தறிக்காரருக்கு என்று நினைத்துக்கொண்டு படித்தேன். முடித்தபோது இரண்டுமே இரண்டு பேருக்கும் என்று பட்டது.

முதலாவது. உமர் (ரலி) ஒரு வாசலைக் கடந்து போகிறார்கள். அங்கே பார்வையில்லாத ஒரு முதியவர் பிச்சை கேட்டு நிற்கிறார். கலீஃபா அவருடைய தோளைத் தொட்டு, நீர் யார் என்று விசாரிக்கிறார்கள். யூதர் என்கிறார். ஏன் இந்த நிலை என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொல்கிறார்: கட்ட வேண்டிய ஜிஸ்யா வரி, வறுமை, வயது. உமர் (ரலி) அவருடைய கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய், இருந்ததைக் கொடுக்கிறார்கள். நாமாக இருந்தால் அத்தோடு திருப்திப்பட்டிருப்போம். அவர்கள் பைத்துல்மாலின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பி, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனியுங்கள் என்றார்கள். இவருடைய வாலிபத்தில் வரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தள்ளாத வயதில் கைவிட்டால் நாம் இவருக்கு நீதி செய்தவர்களாக மாட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வரியும் நீக்கப்பட்டது.

இதில் கவனியுங்கள். அந்த முதியவர் அரசு ஊழியர் அல்ல, படைவீரர் அல்ல, முஸ்லிமும் அல்ல. அவர் செய்ததெல்லாம் உழைத்தது, வரி கட்டியது. அதுவே போதும் என்று உமர் (ரலி) முடிவு செய்தார்கள். ஒருவருடைய இளமையின் பலனை அனுபவித்த சமுதாயம் அவருடைய முதுமைக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் கேட்க வந்தது பிச்சை. உமர் (ரலி) அதை ஹக்காக எழுதினார்கள்.

ஆக, ஆசிரியரே, உங்கள் கேள்விக்குப் பதில்: பேராசை இல்லை. கூலியை வியர்வை காய்வதற்குள் கொடுக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்). ஓய்வூதியம் என்பது பிறகு தருகிறேன் என்று நிறுத்தி வைத்த கூலி. வியர்வை காய்ந்து எத்தனையோ வருடமாகிறது.

ஆனால் அந்த வாசலில் நின்ற முதியவரைப் போன்றவர் இன்று நம் ஊரில் யார்? ஆசிரியரா? என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், சொல்கிறேன்.

என் அத்தா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். மூன்று ஷிப்ட். விடியற்காலை வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அத்தாவுக்கு நரைத்துவிட்டது என்று நினைப்பேன். அவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியம், 1995ம் வருடத்துத் திட்டம். முதலாளி கட்டும் பணத்தில் 8.33 சதவீதமும், மத்திய அரசு 1.16 சதவீதமும் அதில் போய்ச் சேரும். இன்று அவருக்கு வருவது மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். ஓய்வு பெற்ற அன்று எவ்வளவோ, இன்றும் அவ்வளவே. அகவிலைப்படி கிடையாது. இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014ல் வைத்தார்கள். இன்னும் அதே ஆயிரம்தான்.

வருடத்துக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதாக அவர் நிரூபிக்க வேண்டும். இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். விரலை வைக்கச் சொல்வார்கள். வைப்பார். பதியாது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார்கள். பதியாது. முப்பது வருடம் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டு அந்த விரல்களில் ரேகையே இல்லை. போன முறை பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் கண்ணைக் காட்டி முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், "கையைத்தான் மில்லுக்குக் கொடுத்தாச்சே, இப்போ ரேகையைக் கேட்டா எங்க போறது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்காவது ஆயிரத்து அறுநூறு. பால்கோவாக் கடைப் பட்டறையில் அடுப்படியில் நின்று பால் கிண்டியவருக்கு? சத்திரப்பட்டியில் தார் சுற்றிக்கொடுத்த அம்மாவுக்கு? ஆதரவில்லை என்று காட்டினால் அரசின் முதியோர் உதவித்தொகை. 1962லேயே மாதம் 20 ரூபாயில் இதைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது, அது பெருமைதான். இப்போது 1,200 ரூபாய். அதில் எண்பது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. பதினைந்து வருடத்துக்கும் மேலாக அது மாறவே இல்லை. அந்த அம்மா சோப்பு வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் வரி கட்டுகிறார். அந்த வரியும் கஜானாவுக்குத்தான் போகிறது, அதிலிருந்துதான் எல்லா ஓய்வூதியமும் வருகிறது. வாங்குவதில் கடைசியில் நிற்பவர், கொடுப்பதில் வரிசையில் இருக்கிறார். உமர் (ரலி) கண்ட முதியவரின் நிலை இதுதானே?

இனி இரண்டாவது சம்பவம். இராக்கின் செழிப்பான விளைநிலங்கள், ஸவாது என்பார்கள், முஸ்லிம்கள் கைக்கு வந்தன. படையில் இருந்தவர்கள் கேட்டார்கள்: கனீமத்தைப் பங்கிடுவது போல நிலத்தையும் எங்களுக்குப் பங்கிடுங்கள். கேட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. பிலால் (ரலி) கேட்டார்கள். ஸுபைர் (ரலி) கேட்டார்கள். ரத்தம் சிந்தியவர்கள், உரிமையோடு கேட்டார்கள். உமர் (ரலி) மறுத்தார்கள். இன்று இதையெல்லாம் பங்கிட்டுவிட்டால் நாளை வருபவர்களுக்கு என்ன இருக்கும், எல்லையைக் காப்பவர்களுக்கு எதிலிருந்து கொடுப்பது, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். விவாதம் நாள்கணக்கில் நீண்டது. பிலால் (ரலி) விடாமல் வற்புறுத்தியதில் உமர் (ரலி) அவர்கள் மனம் நொந்து துஆ கேட்கும் அளவுக்குப் போனது. அன்ஸார்களில் பத்துப் பேரை அழைத்து ஆலோசித்தார்கள். கடைசியில் ஸூரத்துல் ஹஷ்ரின் வசனங்களை ஆதாரமாக எடுத்துவைத்தார்கள். அங்கே முஹாஜிர்களும் அன்ஸார்களும் சொல்லப்பட்ட பின், அவர்களுக்கு அடுத்து வரவிருப்பவர்களையும் அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். பிறக்காதவனுக்கும் இதில் பங்கு உண்டு என்று உமர் (ரலி) விளங்கிக்கொண்டார்கள். நிலம் விவசாயிகளிடமே விடப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அனுப்பப்பட்டு நிலம் அளக்கப்பட்டது. அதன் கராஜ் வருடா வருடம் பைத்துல்மாலுக்கு வந்தது. படைவீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் பதிவேட்டில் பெயர் எழுதி வருடாந்திர உதவித்தொகை கொடுக்க முடிந்தது.

தயவுசெய்து இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதியவரைக் கைவிடாதவரும் அதே உமர். தோழர்களே கேட்டும் எதிர்காலத்தின் பங்கைத் தொட விடாதவரும் அதே உமர். முதியவருக்கு ஹக் எழுத முடிந்ததே, கஜானா காலியாகாமல் காத்ததால்தான்.

நம் மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள். 2011ல் தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021ல் அது 13.6 சதவீதம் என்றும், 2031ல் 18.2 சதவீதம் ஆகும் என்றும் மக்கள்தொகை ஆணையத்தின் நிபுணர் குழு கணித்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள். நம் மத்ரஸா மக்தபில் பிள்ளைகள் குறைவதை நானே பார்க்கிறேன். உழைக்கும் கை குறைந்து, ஓய்ந்த கை கூடும் காலத்தில், அந்தந்த வருட வரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்று வாக்குக் கொடுப்பவர், அந்த மக்தபில் அலிஃப் பே ஓதும் பிள்ளையின் கையெழுத்தைத் தான் போட்டுக் கடன் வாங்குகிறார்.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செய்ததை நாம் கதையாகக் கேட்டுவிட்டுப் போகிறோம். ஏழு வருடம் நன்றாக விளையும். சாப்பிடும் கொஞ்சம் போக மீதியைக் கதிரோடு வையுங்கள் என்றார்கள். பஞ்சம் வந்த பிறகு அல்ல, விளையும்போதே. கதிரோடு ஏன்? உதிர்த்து வைத்தால் பூச்சி விழும். ஓய்வூதிய நிதியும் அப்படித்தான். வேறு செலவுக்குக் கை நீளாதபடி தனியாக, பூட்டி, கணக்குக் காட்டி வைக்க வேண்டும். அது அமானத்.

என் கருத்தைச் சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வந்து சொல்லுங்கள். கொடுத்த வாக்கை, வாங்கியவன் உழைத்து முடித்த பிறகு மாற்றுவது ஹராம் என்றே நினைக்கிறேன், அது உடன்படிக்கை. புதிதாக வாக்குக் கொடுப்பதானால், அதற்கான பணத்தை அந்த வருடமே எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைக்க முடியாத வாக்கைக் கொடுப்பதும் மோசடிதான், அது எவ்வளவு இரக்கமாக ஒலித்தாலும். ஆகவே ஆசிரியரே, அந்தப் பத்து சதவீதத்தை முணுமுணுக்காமல் கட்டுங்கள். அது உங்கள் மாணவனின் தோளிலிருந்து இறங்கும் பாரம். எடுத்து வைத்த பணம் போதாமல், யாருக்கு முதலில் என்ற கேள்வி வந்தால், 1,200 ரூபாய்க்காரரில் இருந்து தொடங்க வேண்டும். உமர் (ரலி) தொடங்கியது பிச்சை கேட்டவரிடமிருந்து. உங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரும் ஒரு வரியாவது இருக்கட்டும்.

தறிக்காரர் சந்தோஷப்பட வேண்டாம். உங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது, தம்பி. மச்சானுக்குக் கிடைப்பது எனக்கு இல்லையே என்பதில் நியாயம் உண்டு. மச்சானுக்கும் இல்லாமல் போகட்டும் என்பதில் இல்லை. உங்கள் தறியில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இருபது பேருக்குக் கீழ் என்பதால் பிஎஃப் சட்டம் உங்களைத் தொடாது. சட்டம் தொடாததால் அல்லாஹ்வின் கேள்வியும் தொடாது என்று இல்லை. அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர்கள் பெயர் பதிந்திருக்கிறதா? நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் மாதம் ஒரு சிறு தொகை கட்டினால் அறுபதில் 3,000 ரூபாய் வரும் மத்திய அரசுத் திட்டம் 2019லிருந்து இருக்கிறது. கட்டியதற்குச் சமமாக அரசும் போடும். பதினெட்டு வயதில் சேர்ந்தால் மாதம் 55 ரூபாய், நாற்பதில் சேர்ந்தால் 200. முப்பது வருடம் கழித்து மூவாயிரத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள்; நியாயம்தான். ஒன்றுமில்லாததற்கு அது மேல். அந்த 55ஐ நீங்கள் கட்டினால் என்ன?

இங்கே நிறுத்தியிருக்கலாம். அரசைக் கேட்டாயிற்று, ஆசிரியரைக் கேட்டாயிற்று, தறிக்காரரைக் கேட்டாயிற்று. போன செவ்வாய்க்கிழமை ஃபஜ்ருக்கு வரும்போது, இருட்டில் ஒருவர் பள்ளிவாசல் படியைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நம் மோதினார்.

இதற்கு முன் நான் இமாமாக இருந்த ஓர் ஊரில் ஒரு மோதினார் இருபத்தெட்டு வருடம் பாங்கு சொன்னார். குரல் போன பிறகு, ஒரு ஜும்ஆவில் பொன்னாடை போர்த்தி, உறையில் ஐயாயிரம் ரூபாய் வைத்து அனுப்பி வைத்தார்கள். நான்தான் அன்று துஆ ஓதினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதன் அர்த்தம் புரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் சம்பளம் அதே நிர்வாகம்தான் கொடுத்தது. பிறகு அவர் ஒரு பஸ் ஸ்டாண்டில் அத்தர், தஸ்பீஹ் விற்றுக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

உலமாக்களுக்கு அரசு ஓய்வூதியம் இருக்கிறது. 2020ல் ஆயிரத்து ஐநூறை மூவாயிரமாக உயர்த்தினார்கள். அதற்கு நிபந்தனைகள், சான்றிதழ்கள், வருடக்கணக்குகள். கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது பள்ளிவாசல் செய்ய வேண்டியதற்கு மாற்று இல்லை. ஐந்து வேளையும் அவருடைய குரலைச் சாப்பிட்டவர்கள் நாம்.

நம் பள்ளிக்குக் கடை வாடகை வருகிறது. குளிர்சாதனப் பெட்டிக்கு நிதி சேர்த்தோம், இரண்டு ஜும்ஆவில் சேர்ந்துவிட்டது. ஆகவே முத்தவல்லி அவர்களிடமும் நிர்வாகிகளிடமும் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். வாடகையில் மாதம் ஒரு பங்கை எடுத்து, மோதினாருக்கும் பள்ளியைக் கூட்டும் அம்மாவுக்கும் பெயரில் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும், பெயிண்ட் அடிப்பதற்காகக்கூட, அதில் கை வைக்கக் கூடாது. என் சம்பளத்திலிருந்து மாதம் ஐநூறு அதில் போடுகிறேன். எனக்காக அல்ல, நான் அந்தக் கணக்கில் வேண்டாம்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பின் நிர்வாகக் கூட்டம். ஆசிரியரும் தறிக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு எழுத ஆசிரியர் ஒப்புக்கொண்டார், நோட்டு தறிக்காரர் வாங்கித் தருகிறாராம். நீங்களும் வாருங்கள். மோதினாரிடம் இதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. தெரிந்தால் கூச்சப்படுவார், கணக்கு தொடங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.